வழிப்பயணமும் மாட்டின் சதைச் சேதமும்

திருமழிசையைச் சுற்றியுள்ள குடியானவர்கள் தூரத்துச் சந்தைகளில் மாடு பிடிப்பதுண்டு. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையிலிருந்து இவ்வூர் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அங்கே திரண்டிருந்த தொடை இங்கே இறக்கும்போது வற்றித் தோன்றும். தரகன் வஞ்சித்தான் என்பர் சிலர். கண்ணேறு என்பர் சிலர். குறைந்ததில் பெரும்பகுதி நீரும் குடலிலிருந்த தீனியுமே; அது விரைவில் மீளும். நாம் கவனிக்கவேண்டியது, அதன்பின் நாட்கணக்கில் கரையும் சதையையே.

குண்டிக்காய்களை அடுத்து அட்ரினல் என்னும் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அச்சம் நேர்ந்தவுடன் இவற்றின் உட்பாகம் அட்ரினலினைச் சுரக்கும். அதன் வேகம் சிறிது நேரத்தில் தணியும். துன்பம் நீடித்தால் மேற்பட்டை சுரக்கும் கார்ட்டிசால் தசையிலுள்ள புரதத்தைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. ஈரல் அதிலிருந்து சர்க்கரையை உண்டாக்கி, எஞ்சிய நைட்ரஜனை யூரியாவாக மாற்ற, அது மூத்திரத்தில் கழிகிறது. வயலுக்கு விலைகொடுத்து வாங்கும் அதே யூரியாதான்! உயிரைக் காக்க நேர்ந்த ஏற்பாடு இது. குளிருக்கு வீட்டு உத்தரத்தையே விறகாக்குவது போன்றது. 1940-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லாங் என்பவரும் அவர் தோழர்களும் பட்டினியிலிருந்த எலிகளில் இதனை அளந்து காட்டினர். அட்ரினல் நீக்கப்பட்ட எலிகளின் மூத்திரத்தில் நைட்ரஜன் குறைந்தது. அட்ரினல் பட்டைச் சாரம் செலுத்தியவற்றில் மிகுந்தது.

ஆகவே வந்திறங்கிய மாட்டுக்கு அன்றே புண்ணாக்கைக் குவிப்பது வீண்செலவு என்பது எமது அபிப்பிராயம். மிரட்சி தணியாத மாட்டில் அப்புண்ணாக்கின் புரதமும் ஓரளவு சர்க்கரையாகவே தீரும். செரியாமை வேறு நேரும். முதலில் நிழல், தண்ணீர், வைக்கோல், பசும்புல். அடர்தீவனத்தைச் சில நாட்களில் சிறிதுசிறிதாக உயர்த்தலாம்.

இன்னொன்றையும் சொல்லாதிருக்க இயலாது. மாடு சோர்ந்தால் உடனே தெம்பு தருமென்று, மருத்துவர் அல்லாதார் டெக்சாமெத்தசோன் ஊசி போடுகின்றனர். அது கார்ட்டிசாலின் வேலையையே பன்மடங்கு வலிமையுடன் செய்வது. அதனால் பால் குறையும், நோயெதிர்ப்பு தளரும், நிறைசினை மாடு கன்றை வீசிவிடவும் கூடும். கால்நடை மருத்துவர் காரணம் கண்டு போட்டாலன்றி இவ்வூசிக்கு இசையலாகாது.

1978-ஆம் வருஷத்துப் பிராணிகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்குமேல் ஏற்றலாகாது. இவ்விதியைக் கிராம அதிகாரிகள் கருணைக்காக மட்டும் ஏற்பட்டதெனக் கருதுகின்றனர். ஏழாவது மாட்டை ஏற்றி மிச்சம் பிடித்த வாடகையைவிட, மற்ற ஆறின் உடம்பிலிருந்து வழியில் கழிந்தது அதிகமாயிருக்கலாம் என்பதை வாங்குபவர்களுக்கும் அவர்கள் எடுத்துச் சொல்லவேண்டும்.