830 பெரிதா, 600 பெரிதா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். இரண்டு ஃபெராரி கார்கள். ஒன்று, சாலையில் ஓட்டுகிற 296 ஜிடிபி. வி6 எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 830 குதிரைத்திறன். இன்னொன்று, அதை அடிப்படையாக வைத்துப் பந்தயத்துக்காகக் கட்டிய 296 ஜிடி3. இதில் மின்மோட்டாரே கிடையாது. சக்தி ஏறக்குறைய 600தான். ரெண்டையும் ஒரே டிராக்கில் விட்டால் எது சீக்கிரம் சுற்றி வரும்?

"830தான், இதுல என்ன சந்தேகம்?" என்று தோன்றினால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஹாஸ்டல் ரூமில் கார் பேச்சு வந்தாலே குதிரைத்திறனில் ஆரம்பித்துக் குதிரைத்திறனிலேயே முடிகிறது. பொறியியல் படிக்கிற நாமும் அப்படியே பேசலாமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் டிராக் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் ரோடு அட்லாண்டா டிராக், ஒரு சுற்று சுமார் 4.1 கி.மீ. 2019இல் அங்கே 700 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் என்ற சாலைக் காரை ராண்டி போப்ஸ்ட் 1 நிமிடம் 24.88 வினாடியில் சுற்றினார். பிரமாதமான நேரம். ஆனால் அதே டிராக்கில் நடக்கும் பெட்டி லெ மான்ஸ் போட்டியில், 500 சொச்சம் குதிரைத்திறன் உள்ள ஜிடி3 ரகக் கார்கள் 1 நிமிடம் 20 வினாடியை ஒட்டிச் சுற்றுகின்றன. கிட்டத்தட்ட 200 குதிரை குறைவு. ஆனால் சுற்றுக்கு நாலு வினாடிக்கு மேல் வேகம். பத்துச் சுற்றில் நாற்பது வினாடி!

எப்படி? முதல் காரணம் எடை. 296 ஜிடிபியின் உலர் எடை 1,470 கிலோ, ஜிடி3 காருக்கு 1,250 கிலோ. 220 கிலோ வித்தியாசம். அதே வேகத்திலிருந்து நிறுத்த, சாலைக் காரின் பிரேக் சுமார் 18 சதவீதம் கூடுதல் ஆற்றலை வெப்பமாக்கித் தள்ள வேண்டும். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு வளைவிலும்.

இரண்டாவது பிடிமானம். பந்தயக் காருக்குப் பள்ளமே வெட்டாத ஸ்லிக் டயர். கூடவே காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ். இதன் பலனை ஒரு தோராயக் கணக்கில் பார்ப்போம். 100 மீட்டர் ஆரமுள்ள அரைவட்ட வளைவு. ஒரு கார் 1.2 ஜி தாங்கும், இன்னொன்று 1.6 ஜி தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் மணிக்கு 123 கி.மீ. வேகத்தில் போகலாம், இரண்டாவது 143 கி.மீ. வரை போகலாம். அந்த 314 மீட்டரைக் கடக்க முதல் காருக்கு 9.2 வினாடி, இரண்டாவதற்கு 7.9 வினாடி. ஒரே வளைவில் ஒரு வினாடிக்கு மேல் போச்சு. அதோடு, 20 கி.மீ. கூடுதல் வேகத்தோடு நேர்ப்பாதைக்குள் நுழைகிற காரைத் துரத்தத்தான் அந்த 830 குதிரை செலவாகிறது.

சக்தி சமமாக இருந்தால்? அதற்கும் உதாரணம் உண்டு. 2025 துபாய் 24 மணி நேரப் போட்டியில் அஜித் குமார் ரேசிங் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை நம்மில் பாதிப் பேர் ஸ்டேட்டஸாக வைத்தோம். அந்தப் பிரிவில் ஓடுவது போர்ஷே 911 ஜிடி3 கப். அதன் எஞ்சின் 4 லிட்டர், 510 குதிரைத்திறன். அதே தலைமுறைச் சாலைக் காரான 911 ஜிடி3யும் 4 லிட்டர், 510 குதிரைத்திறன்தான். விளம்பரத்தில் போடுகிற எண் ஒன்றுதான். மாறுவது எடை, டயர், கியர்பாக்ஸ், இறக்கை. பந்தயக் காரைப் பந்தயக் காராக்குவது அந்த நாலும்தான்.

இன்னொரு வேடிக்கை. தொழில்நுட்பத்தில் பல இடங்களில் சாலைக் கார்தான் முன்னே நிற்கிறது. சூப்பர்காரில் கார்பன் செராமிக் பிரேக். ஜிடி3 பந்தயக் காரில் இரும்பு டிஸ்க். 911 ஜிடி3 ஆர்எஸ்ஸின் இறக்கை ஓடும்போதே கோணம் மாறும். பந்தயக் காரில் அதற்கு அனுமதி இல்லை. போதாக்குறைக்கு, எந்த கார் மட்டும் தனியாக முந்திவிடக் கூடாது என்று போட்டி நடத்துபவர்கள் எடையைக் கூட்டுவார்கள், சக்தியைக் குறைப்பார்கள். இப்படிக் கையைக் கட்டிவிட்ட பிறகும் ஜிடி3 முந்துகிறது.

"அப்போ மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன்?" என்று கேட்பீர்கள். நியாயம். ஃபார்முலா 1 எஞ்சினிலிருந்து பிறந்த கலப்பின சக்தியமைப்பு, ஆயிரத்துக்கு மேல் குதிரைத்திறன். 2024இல் நூர்பர்க்ரிங்கின் 20.8 கி.மீ. சுற்றை 6 நிமிடம் 29.09 வினாடியில் முடித்தது. அசாத்தியம், மறுக்கவில்லை. ஆனால் அது காலியான டிராக்கில் ஒரே ஒரு சுற்று. அந்தப் பக்கத்தில் 296 ஜிடி3ஐப் பாருங்கள். 2023இல் அதே நூர்பர்க்ரிங்கின் 24 மணி நேரப் போட்டியில், 25 கி.மீ. நீளமுள்ள சுற்றை 162 தடவை ஓடி வென்றது. 4,100 கி.மீ.! இரவு, போக்குவரத்து, நாலு ஓட்டுநர்கள், எல்லாவற்றையும் தாண்டி. எது பெரிய பொறியியல் என்று கேட்டால் என் ஓட்டு 162க்குத்தான்.

இதை வைத்து சூப்பர்கார் ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. அதன் தேர்வுத்தாள் வேறு. அது புகை விதி, சத்த விதி, மோதல் சோதனை எல்லாம் பாஸ் ஆகணும்; மழையிலும் குளிரிலும் அதே டயரில் ஓடணும்; வேகத்தடையில் அடி தட்டக் கூடாது; ஏசி ஓடணும்; பயிற்சி இல்லாதவர் கையிலும் அடங்கணும். ஜிடி3 காரை ஒரு நாள் ஊருக்குள் ஓட்டச் சொன்னால் அதுதான் ஃபெயில். இரண்டுமே நல்ல வடிவமைப்பு. தப்பு, ஒரே எண்ணை வைத்து இரண்டுக்கும் மதிப்பெண் போடுகிற நம்மிடம்தான்.

இது வெறும் ஹாஸ்டல் சண்டை இல்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத்துக்கு நம் ஊரிலிருந்தும் மாணவர் அணிகள் கார் கட்டிக் கொண்டு போகின்றன. அங்கே எண்டியூரன்ஸுக்குத்தான் மதிப்பெண் அதிகம். நேர்கோட்டு ஆக்சிலரேஷனுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். இருந்தும், ஸ்பான்சர் பணம் வந்ததும் அணிக் கூட்டத்தில் முதலில் எழுகிற பேச்சு "எஞ்சின்ல இன்னும் எவ்ளோ எடுக்கலாம்?" என்பதுதான். ஐந்து கிலோ குறைப்பதும், டயரைப் புரிந்துகொள்வதும், போல்ட் கழலாமல் கடைசிச் சுற்றை முடிப்பதும் போஸ்டரில் அழகாக இருக்காது. ஆனால் கோப்பை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை யாராவது குதிரைத்திறனைச் சொல்லி உங்களை மிரட்டினால், மூணே கேள்வி கேளுங்கள். எடை எவ்வளவு? என்ன டயர்? எத்தனை சுற்று தாங்கும்? பதில் வரவில்லை என்றால் அவர் காரைப் பற்றிப் பேசவில்லை, விளம்பரத்தைப் படித்துக் காட்டுகிறார்.