நெகடிவ் நல்லதா, கெட்டதா?

இங்கிலீஷில் 'நெகடிவ்' மாதிரி இடத்துக்கு இடம் நிறம் மாறுகிற வார்த்தை வேறு இல்லை. லேபில் சொன்னால் தெருவுக்கே இனிப்பு கொடுக்கலாம். மேனேஜர் சொன்னால் இன்கிரிமெண்ட் போச்சு. பிலிம் காலத்துக் கோடம்பாக்கத்தில் சொன்னால் அது சொத்து. நெகடிவ் உரிமை யாரிடமோ அவர்தான் படத்துக்கு முதலாளி. பைனான்சியரின் கண் ஹீரோ மேல் இருக்காது, அந்தப் பிலிம் பெட்டி மேல்தான் இருக்கும்.

கூடுவாஞ்சேரியில் காலை எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் பெட்டிக்கு நாலு பேராவது வினா-விடை புத்தகத்தோடு நிற்பார்கள். அதில் ஒரு பையன் என்னைக் கேட்டான்: "அண்ணே, தெரியாத கேள்விக்கு கண்ணை மூடிட்டு ஒண்ணை அடிக்கலாமா? நெகடிவ் மார்க் இருக்கே!"

பி.காம். படித்தது இதற்காவது உதவட்டும் என்று வரவு-செலவு போட்டுக் காட்டினேன். சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் கேள்விக்கு 4 விடைகள். தப்பாக எழுதினால் அந்தக் கேள்வியின் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு அபேஸ். 12 கேள்விகளைக் குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரியாக 3 சரி, 9 தப்பு. வரவு 3. செலவு, 9-ல் மூன்றில் ஒன்று, அதுவும் 3. மிச்சம் சைபர். பேங்க் பரீட்சையில் 5 விடைகள், கால் பங்கு அபராதம். 20 கேள்விகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அங்கேயும் சைபர்தான்.

ஆக, நெகடிவ் மார்க் என்பது தண்டனை இல்லை. குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் நாலில் ஒன்றை மட்டும் 'இது சத்தியமா இல்லை' என்று தள்ளத் தெரிந்தால்? 12-ல் 4 சரி, 8 தப்பு. கழித்தது போக ஒன்றேகால் கேள்விக்கு மேல் கையில் நிற்கும். பையன் தாம்பரம் வரை வாயைத் திறக்கவில்லை. சந்தோஷமா, பயமா தெரியவில்லை.

இந்த மைனஸுக்கு முதலில் ஒழுங்காகச் சட்டம் போட்டது நம்ம ஊர் ஆள். கி.பி. 628-ல் பிரம்மகுப்தர். பிளஸ் என்றால் தனம், மைனஸ் என்றால் ருணம், அதாவது கடன். கடனோடு கடனைக் கூட்டினால் கடன். பெருக்கினால் தனம் என்று எழுதி வைத்தார். மாசக் கடைசியில் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் அந்த இரண்டாவது பாயிண்டைச் சொல்லிப் பார்த்தேன். முதல் பாயிண்டே போதும் என்று நோட்டை நீட்டினார்.

2020 ஏப்ரல் 20-ந் தேதி ஒரு கூத்து நடந்தது. கொரோனா நேரம். அமெரிக்காவில் வாங்க ஆளில்லை, எண்ணெயைக் கொட்டி வைக்க டாங்கியிலும் இடமில்லை. மே மாத டெலிவரி கச்சா எண்ணெய் பீப்பாய் மைனஸ் 37.63 டாலருக்கு முடிந்தது. அதாவது சரக்கையும் கொடுத்து, 'தயவு செஞ்சு எடுத்துட்டுப் போப்பா' என்று பணமும் கொடுக்கிற விலை. நம்ம ஜி.எஸ்.டி. ரோடு பங்க்கில் அன்றைக்கும் பெட்ரோலுக்குக் காசு வாங்கினார்கள்.

தமிழ் மட்டும் லேசா என்ன? பழைய தமிழில் 'வாரேன்' என்றால் வரமாட்டேன். இன்றைக்கு நெல்லைப் பக்கம் 'வாரேன்' என்றால் வருகிறேன். சங்க காலத்துப் புலவரையும் திருநெல்வேலிக்காரரையும் ஒரே கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பந்திக்கு எத்தனை இலை போடுவது?

சிரிப்பு இருக்கட்டும். போன மாதம் கீழ் போர்ஷன் தம்பி ராத்திரி ஒன்பது மணிக்கு மாடியேறி வந்தார். கையில் மனைவியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். முதல் பிரசவம், மூணாவது மாசம். "எச்.ஐ.வி. நெகடிவ், மஞ்சக்காமாலை நெகடிவ், இதோ இதுவும் ஓ நெகடிவ். எல்லாமே நல்லபடியா வந்திருக்கு சார்!"

முதல் இரண்டும் சரி. மூன்றாவது ரிசல்ட் இல்லை, ரத்த வகை. 'ஆர்.ஹெச்.' என்ற பொருள் சிவப்பணுவில் இல்லை என்பதற்கு அங்கே நெகடிவ். "உங்க குரூப் என்ன தம்பி?" என்றேன். பி பாசிடிவ்.

அப்பா பாசிடிவ், அம்மா நெகடிவ் என்றால் குழந்தை பாசிடிவாக இருக்கலாம். பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவுக்குள் கலந்தால், அம்மாவின் உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து எதிர்க்க ஆயுதம் தயாரித்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் முதல் குழந்தை தப்பித்துவிடும். அடுத்த குழந்தையின் ரத்தத்தை அந்த ஆயுதம் அழிக்கும். ஒரு காலத்தில் இதற்கு 'விதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1960-களின் கடைசியில் 'ஆன்ட்டி-டி' ஊசி வந்தது. 28-வது வாரத்தில் ஒன்று. பிறந்தது பாசிடிவ் குழந்தை என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் டாக்டரிடம் கேட்கவேண்டும். இதற்கு முன்னால் 'கூம்ப்ஸ்' என்று ஒரு டெஸ்ட் எடுப்பார்கள். அதில் மட்டும் நெகடிவ் வந்தால் நிஜமாகவே நல்லது!

அந்த ஊசி மருந்து மனித ரத்தத்திலிருந்துதான் வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒரு ரயில்வே குமாஸ்தா. இந்த மருந்துக்கு வேண்டிய சரக்கு அவர் ரத்தத்தில் ஏராளம். 1954-லிருந்து 2018 வரை 1,173 தடவை கையை நீட்டினார். 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியிருக்கிறார் என்பது அந்த நாட்டு ரத்த வங்கியின் கணக்கு. 2025 பிப்ரவரியில் காலமானார்.

தம்பி எல்லாவற்றையும் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். காலையில் முதல் வேலையாக டாக்டரம்மாவைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். ஐந்து நிமிஷத்தில் கீழேயிருந்து அவர் அம்மா குரல்: "பொண்ணு நெகடிவ்னு நிச்சயத்தப்பவே ஏண்டா சொல்லலை?"

"நூத்துல அஞ்சு பேர் அப்படித்தாம்மா. மொதல்ல உன் குரூப் என்னன்னு சொல்லு" என்றார் தம்பி. அதற்குப் பிறகு கீழே சத்தமே இல்லை.