பல் வைத்தியர் பக்கத்தில் கவுன் கடை!

அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்று ஒரு கடை இருக்கிறது. 1902-ம் ஆண்டில் தொடங்கிய பழைய கடை. பல ஊர்களில் கிளை உண்டு. துணிமணி, மெத்தை விரிப்பு, மேஜை நாற்காலி, பெட்டி எல்லாம் விற்கும் கடை.

2010-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். அமெரிக்க மக்கள் கூகுளில் "கவுன்" என்று தேடினார்கள். முதலில் வந்தது பென்னி. "விரிப்பு" என்று தேடினார்கள். அப்போதும் பென்னி! சாம்சனைட் கம்பெனியின் கைப்பெட்டியைத் தேடினால்கூட, பெட்டியைச் செய்த கம்பெனிக்கு முன்னால் பென்னி வந்து நின்றது.

"நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்கு இது விசித்திரமாகப் பட்டது. விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து ஆராய்ந்தது. குட்டு வெளிப்பட்டது.

நாய்க்கும் கவுனுக்கும் என்ன சம்பந்தம்?

கூகுள் ஓர் இணையதளத்தை எப்படி எடை போடுகிறது?

பெண் கொடுக்கும் முன் நாம் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நல்ல மனிதர்கள் "நல்ல பையன்" என்று சொன்னால் நம்புகிறோம். கூகுளும் அப்படித்தான். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால், அதை ஒரு சிபாரிசாக எடுத்துக் கொள்கிறது. சிபாரிசு செய்பவருக்கு மதிப்பு இருந்தால், சிபாரிசுக்கும் மதிப்பு அதிகம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் கண்ட வழி இது. 1998-ல் கூகுள் கம்பெனி பிறந்தது இதை வைத்துத்தான்.

சிபாரிசுக்கு மதிப்பு உண்டு என்றால், சிபாரிசை விற்கவும் ஆள் வருவான் அல்லவா? வந்தான்!

பென்னியின் கவுன் பக்கத்துக்கு எங்கெங்கே இணைப்பு இருந்தது தெரியுமா? நாய்களைப் பற்றிய தளத்தில்! குறட்டையைப் பற்றிய தளத்தில்! மீன் பிடிப்பது, குளியலறை ஓடு, பல் வைத்தியம்... இப்படி 2,015 பக்கங்களைக் கண்டுபிடித்தார்கள்.

தாங்கள் இதைச் செய்யச் சொல்லவில்லை, தங்களுக்கு இது தெரியாது என்றது பென்னி. இந்த வேலைக்கு வைத்திருந்த ஆலோசனைக் கம்பெனியை நீக்கியது.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2011 பிப்ரவரி 9-ந் தேதி இரவு 7 மணிக்கு, சாம்சனைட் பெட்டிக்குப் பென்னி முதல் இடம். 9 மணிக்கு 71-வது இடம்!

எடுப்பதற்கும் காசு!

பென்னி பெரிய முதலாளி. கடைவீதியில் கடை இருந்தது. தாங்கிக் கொண்டது. சுமார் 3 மாதத்தில் கூகுளும் தண்டனையை நீக்கியது. இணையத்தை மட்டும் நம்பியிருக்கும் சின்ன வியாபாரியின் கதி அப்படி அல்ல.

2012 ஏப்ரல் 24-ந் தேதி "பெங்குவின்" என்ற புதிய கணக்கு முறையைக் கூகுள் கொண்டு வந்தது. விலைக்கு வாங்கிய இணைப்புகளை நம்பியிருந்த தளங்கள் சரிந்தன. காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர்கள், அதை எடுத்து விடும்படி கெஞ்சிக் கடிதம் எழுதினார்கள். எடுப்பதற்கும் காசு கேட்டவர்கள் உண்டு!

நேர் வழி எது?

சிறு கடைக்காரர்களுக்கு இன்றும் போன் வருகிறது. ஆயிரம் இணைப்புத் தருகிறோம், முதல் இடம் நிச்சயம் என்கிறார்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

நேர் வழி மெதுவான வழி. ஒரு சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டுவது எப்படி, எந்த உயரப் பிள்ளைக்கு எந்த அளவுச் சைக்கிள் என்று தம் தளத்தில் படத்துடன் எழுதுகிறார். அது உபயோகமாக இருந்தால், படித்தவர்கள் தாமே இணைப்புக் கொடுப்பார்கள். சைக்கிள் செய்யும் கம்பெனியின் விற்பனையாளர் பட்டியலில் தம் தளத்தையும் சேர்க்கச் சொல்லலாம். வியாபாரிகள் சங்கத்திடமும் கேட்கலாம். இதில் தப்பு இல்லை. காசு கொடுத்து விளம்பரம் போடுவதும் தப்பு இல்லை. ஆனால் அது விளம்பர இணைப்பு என்று கூகுளுக்குத் தெரியும்படி குறி இருக்க வேண்டும்.

சட்டம் போடுவதும் கூகுள், தண்டிப்பதும் கூகுள். இது சரியா? 2024 ஆகஸ்டு 5-ந் தேதி வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா ஒரு தீர்ப்பு அளித்தார். தேடுபொறித் தொழிலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றி வந்தது என்றார். அந்த வழக்கு இணைப்புகளைப் பற்றியது அல்ல. ஆனால் 71-வது இடத்துக்குத் தள்ளப்பட்ட கடைக்காரர் வேறு தேடுபொறிக்குப் போகலாம் என்றால், வாடிக்கைக்காரர்கள் அங்கே இருக்க வேண்டுமே!