கப்பலேறி வந்த காகம்

காலையில் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் பறவை எது? காகந்தான். தினமும் பார்க்கிறோம் என்பதாலேயே அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. இன்று சற்றே உற்றுப் பாருங்கள்.

நெற்றி, தொண்டை, இறக்கை, வால் எல்லாம் பளபளக்கும் கறுப்பு. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். இது ஊர்க்காகம். உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்திருந்தால் அது அண்டங்காக்கை. அண்டங்காக்கை இந்த மண்ணின் பறவை. ஊர்க்காகமோ, நம் பாட்டன் பூட்டனைப் போலக் கப்பலேறி வந்தது.

1890களில் காப்பித் தோட்டங்களைக் கம்பளிப் புழுக்கள் பாழாக்கின. அவற்றைத் தின்று தீர்க்கட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள். பிறகு காப்பி விலை சரிந்தது. காப்பி போய் ரப்பர் வந்தது. ரப்பரும் போய்ப் பல இடங்களில் செம்பனை வந்தது. காகம் மட்டும் போகவில்லை. மேற்குக் கரை நெடுகப் பரவிவிட்டது.

காகத்தின் ஒற்றுமை நாம் அறிந்ததே. ஒரு குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தால் போதும், அக்கம்பக்கத்துக் காகமெல்லாம் கூடிவிடும். அந்த வழியே போகிறவர் தலை தப்பாது! பொழுது சாய்ந்தால் கூட்டங் கூட்டமாய் மரத்தில் வந்து அடையும்.

மூளையும் குறைந்ததல்ல. குடத்தில் கல்லைப் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தின் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 2009-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐரோப்பியக் காக இனமான ரூக் பறவைகள் நான்கினைச் சோதித்தார்கள். குழாய்க்குள் நீரில் மிதந்த புழுவை எடுக்க, அவை கற்களைப் போட்டு நீரை உயர்த்தின. கதை மெய்யாயிற்று! இவ்வளவு கெட்டிக்கார இனத்தையும் குயில் ஏமாற்றிவிடுகிறதே! ஊர்க்காகத்தின் கூட்டில் முட்டையிட்டு, தன் குஞ்சை அதையே வளர்க்க வைக்கிறது.

சோறு, மீன் குடல், பழம், பூச்சி, செத்த எலி எதையும் காகம் விடாது. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கிப் போகும். குப்பையில் மேய்ந்த அலகோடு சமையற்கட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். அதனால்தான் ஊராட்சி மன்றங்கள் துப்பாக்கி கொண்டு சுட்டும் பார்த்தன. ஆனால் குப்பை திறந்து கிடக்கும் வரை, சுட்டதின் இடத்துக்கு வேறொன்று வந்து சேரும். ஊர்க்காகம் மனிதனை அண்டியே பிழைக்கிறது; நாம் சிந்துவதே அதன் சாப்பாடு.

அமாவாசையன்று முன்னோரை நினைத்துக் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். ஒரு பிடி வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மற்ற நாட்களில் குப்பைத் தொட்டியின் மூடி மூடியிருக்கட்டும். மீன் கழிவைப் பையில் கட்டி வாசலில் தொங்கவிடாதீர்கள்.

துப்பாக்கி செய்யாததை ஒரு மூடி செய்யும்.