தெருவில்லாத நாய்கள்

நாய்ப் படங்கள் பெருகிவிட்டன. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கோபுரப் படங்களும் குழந்தைப் படங்களும் பெருகவில்லையா? என் ஆட்சேபணையெல்லாம், இவற்றைக் கலை என்றும் கருணை என்றும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டுக்கும் உரிய மரியாதையை இனாமாகப் பெற்றுக்கொள்கிற மனோபாவத்தின் மீதுதான். நம் வட்டத்திலேயே காமிரா வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இந்தக் காரியத்தில் மும்முரமாக இருக்கிறார்கள். கவிதையில் ஒரு வார்த்தை அதிகப்படியாக விழுந்துவிட்டால் வெட்கப்படுகிறவர்கள், நாய்க்குட்டியின் கண்ணைப் படம் பூராவும் நிரப்பிக் காட்டும்போது வெட்கப்படுவதில்லை.

விளையாடும் நாயை எடுத்துக்கொள்வோம். நான்கு கால்களும் தரையில் இல்லை. நாக்கு ஒரு பக்கம் பறக்கிறது. உடம்பிலிருந்து சிதறிய தண்ணீர் முத்து முத்தாக அந்தரத்தில் நிற்கிறது. ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தரையில் படுத்து, நாயின் கண்மட்டத்துக்கு இறங்கி எடுத்திருக்கிறார்கள். அந்த மட்டுக்கும் சிரமப்பட்டிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது? பச்சையாக ஒரு குழம்பல். அது வயலா, காலேஜ் மைதானமா, படித்துறையா, தெரியாது. லென்ஸின் வாயை அகலத் திறந்து வைத்து, கண்ணை மட்டும் கூர்மையாக்கி, மற்றதையெல்லாம் கரைத்துவிடுவதுதான் இப்போது தொழில் நேர்த்தி என்று பெயர் பெற்றிருக்கிறது. 2019-ல் சோனி கம்பெனி மிருகங்களின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கிற வசதியைத் தன் காமிராக்களில் புகுத்தியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆக, நாய் என்றால் கண் என்று ஒரு யந்திரம் தீர்மானித்துவிட்டது, படக்காரர் ஆமோதிக்கிறார். நாய் கண்ணாலா வாழ்கிறது? மூக்கால் வாழ்கிறது, காதாலும் வாலாலும் பேசுகிறது. (முயலைக் கண்ணால் கண்டு விரட்டுகிற சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் கண் மூலதனம்தான், ஆனால் அவை தெற்கே கரிசல் காட்டில் ஓடப் பிறந்த ஜாதிகள். நம் நஞ்சைப் பக்கத்தில் முயலும் கிடையாது, ஓட இடமும் கிடையாது. வரப்பில் எலி வளை உண்டு. அதற்கு மூக்கு போதும்.) தரையை முகர்ந்துகொண்டே போகிற நாயின் படத்தை இவர்களில் ஒருவரும் எடுத்து நான் பார்த்ததில்லை. முகம் தெரியாதாம். முகம் தெரிந்தால்தானே அதில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்ள முடியும்.

தஞ்சாவூருக்கு வந்த ஆரம்ப காலக் காமிராக்களில் ஒன்று, சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னியஸ் டிரைப்பினுடையது. 1858-ல் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 காகித நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். மெழுகு ஏற்றிய காகிதம்; வெளிச்சம் பதிய வெகுநேரம் பிடிக்கும். கல் பொறுமையாக நின்றது. அசைகிறது எதுவும் அந்தக் காகிதத்தில் தங்காது. அப்போதும் கோயில் மதிலோரம் நாய்கள் இருந்திருக்கும், பிராகாரத்தைக் குறுக்காகக் கடந்து போயிருக்கும், ஆனால் பெட்டிக்குத் தெரியவில்லை. அன்று நாய் இல்லாத தஞ்சாவூர். இன்று தஞ்சாவூர் இல்லாத நாய். டிரைப்புக்காவது யந்திரத்தின் இயலாமை என்று ஒரு சமாதானம் உண்டு.

தெரு என்பது நாய்க்குப் பின்னணி இல்லை, விலாசம். எங்கள் பக்கத்தில் 'யார் வீட்டு நாய்?' என்று கேட்பது அபூர்வம், 'எந்தத் தெரு நாய்?' என்றுதான் கேட்பார்கள். ஒரு வீட்டில் பழையது, இன்னொரு வீட்டில் படுக்கைக்குத் திண்ணை ஓரம், டீக்கடையில் பிஸ்கட், களத்தில் ராத்திரிக் காவல். யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது, ஒருவருக்குச் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. இந்த உறவுக்கு ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காததால் நம் படக்காரர்களுக்கும் அது கண்ணில் படுவதில்லை. அவர்களிடம் மூன்றே பெட்டிகள் இருக்கின்றன: செல்லம், ஜாதி நாய், அநாதை. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காமல் கீழவீதி முனையில் படுத்திருக்கிறதே, அதைப் படமெடுக்க வேண்டுமென்றால் முதலில் அதை அநாதையாக்கியாக வேண்டும்.

இன்னொன்றும் அந்தக் குழம்பலில் கரைந்துபோகிறது. நாய்க்கு ஜாதி இல்லை என்று நம்மில் முற்போக்கு பேசுகிறவர்கள் நெகிழ்ந்து சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் யாரைப் பார்த்து வாலாட்டுவது, யாரைப் பார்த்துக் குரைப்பது என்பதை நாய் தெருவிடம்தான் கற்றுக்கொள்கிறது. இந்த ஜில்லாவில் ஊர்த்தெரு ஒன்றில் விடியற்காலையில் நின்று பாருங்கள். பால்காரருக்கும் குருக்களுக்கும் தலையைக்கூடத் தூக்காத நாய், நாற்றுப் பறிக்கக் காலனியிலிருந்து வருகிற பெண்கள் திரும்புமுன்பே எழுந்து நிற்கும். அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நம் தெரு எப்படிப்பட்டது என்று நம்மைவிடக் கூச்சமில்லாமல் அது சொல்கிறது, அவ்வளவுதான். பின்னணியை மங்கலாக்குகிறவர், சாட்சியையும் மங்கலாக்குகிறார்.

கண்காட்சிப் படங்களை ஏளனம் செய்வது சுலபம். ஊட்டியில் வருஷா வருஷம் மே மாசம் நடக்கிற காட்சியின் படங்களைப் பாருங்கள். நாய் பக்கவாட்டில் நிற்கும், கால்கள் அளந்து வைத்தாற்போல, ஒரு கை மோவாயைத் தாங்கும், இன்னொரு கை வாலைப் பிடித்திருக்கும். உயிரே இல்லை என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதை உண்டு, அது தொழில் முறையில் வந்தது. நான் வேலை பார்க்கிற இடத்தில் கறவைமாட்டுக் கடன் கோப்புகளைப் புரட்டுவது என் தலையெழுத்து. ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ இருக்கும். மாடு பக்கவாட்டில் நிற்கும், காது வில்லையின் நம்பர் தெரியவேண்டும், கடன் வாங்கியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டும். நாளை மாடு செத்தால் இன்ஷூரன்ஸ்காரருக்குக் காட்டுவதற்கு. அதில் கலையும் இல்லை, கருணையும் இல்லை, பாசாங்கும் இல்லை. கண்காட்சிப் படமும் அந்த இனம்தான், சொத்து விவரம். அப்படித்தான் அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதன் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. 2005 ஜனவரியில் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டது, ராஜபாளையம் அதில் ஒன்று. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் ராஜபாளையம் என்று படங்கள் மனசில் பதித்துவிட்டன. அந்தத் தூய வெள்ளையோடு காது கேளாமை சேர்ந்து பிறப்பதுண்டு என்று வளர்ப்பவர்களுக்கே தெரியும். போட்டோவில் காது கேட்பது தெரியாது, வெள்ளை தெரியும். சான்றிதழில் மூன்று தலைமுறைப் பூர்வோத்தரம் வேறு. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இப்போதெல்லாம் இவ்வளவு கேட்பதில்லை. (கேட்கிறார்கள். விட்டுவிடுவோம்.)

மீட்புப் படங்களுக்கு வருகிறேன். இங்கேதான் சண்டை. இரண்டு படங்கள் ஜோடியாக வரும். முதல் படத்தில் சொறி, புண், விலா எலும்பு, சாக்கடை. இரண்டாவதில் மெத்தை, கழுத்தில் கலர் துணி, பளபளக்கும் ரோமம். இடையில் மூன்று மாசம் என்று ஒரு வரி. இந்த ஜோடியால் பணம் வருகிறது, நாய்க்கு வீடு கிடைக்கிறது, மருந்துச் செலவு நடக்கிறது. நிஜமான நன்மை, மறுக்கமாட்டேன். 1964-ல் சென்னையில் ப்ளூ கிராஸ் பதிவானதிலிருந்து இன்றுவரை இந்தக் காரியத்தில் கையை அழுக்காக்கிக்கொண்டவர்கள் யாரும் என் பேனாவுக்கு இலக்கில்லை. ஆனால் நண்பர்களே, அது ரசீது. பெற்றுக்கொண்டோம், செலவழித்தோம், பாக்கி இல்லை என்று நன்கொடை கொடுத்தவருக்குக் காட்டுகிற வவுச்சர். ரசீதுக்கு மதிப்பில்லை என்று ஒரு பாங்க் குமாஸ்தா சொல்லமாட்டான். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, கீழே ஒரு ஹைக்கூவும் எழுதி வைத்தால்தான் வயிறு எரிகிறது. இரண்டு படத்துக்கும் நடுவில் இருக்கவேண்டிய மூன்றாவது படம் எங்கே? நாய் அடிபட்ட ரோடு எங்கே? நான்கு வழிச் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள், களம் போதாததால். அந்த நெல்லோரச் சூட்டில் நாய் படுத்திருக்கும். வளைந்து வருகிற பஸ் அதை அடிக்கும். அந்தப் படத்தில் வில்லன் கிடையாது, ஆகவே நன்கொடையும் வராது.

இதெல்லாம் வெறும் ரசனை விவகாரம் என்று நினைத்தால் நான் இத்தனை பக்கம் எழுதமாட்டேன். 2001-ல் வந்த நாய்க் கருத்தடை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்தவையும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: பிடித்த நாயை அறுவை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். 2025 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில், 22-ஆம் தேதி, வேறொரு அமர்வு அதைத் திருத்தி, வெறியும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பழைய இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்றவற்றிலிருந்து பிடித்ததை அங்கே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. மூன்று உத்தரவிலும் வழக்கு ஒன்றுதான், இடம். நாய்க்கு ஓர் இடம் உண்டா, உண்டென்றால் எது, அதை யாரோடு பங்கு போட்டுக்கொள்கிறது.

இந்த வழக்கில் படங்கள் என்ன சாட்சி சொல்லின? ஒரு தரப்பில் கட்டுப்போட்ட குழந்தை. மறு தரப்பில் கட்டுப்போட்ட நாய்க்குட்டி. இரண்டும் முகத்துக்குக் கிட்டே போய் எடுத்தவை, இரண்டிலும் தெரு கிடையாது. கறிக்கடைக் கழிவை யார் எங்கே கொட்டுகிறார்கள், அந்தத் தெருவில் அறுவை நடந்த நாய் எத்தனை, நடந்தே பள்ளிக்கூடம் போகிற குழந்தை யாருடையது, காரில் போகிற குழந்தை யாருடையது, கடித்தால் ஊசிக்கு எத்தனை மைல் பஸ் ஏறவேண்டும், ஒன்றும் தெரியாது. ரேபீஸ் அறிகுறி தெரிந்தபின் அநேகமாகப் பிழைப்பே கிடையாது என்ற பயமும் நிஜம், வாயில்லா ஜீவன் என்ற இரக்கமும் நிஜம். இரண்டு நிஜத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரத் தெரு ஒன்றால்தான் முடியும். அதைத்தான் இவர்கள் லென்ஸால் துடைத்துவிட்டார்கள்.

வெளிநாட்டு உதாரணம் கேட்பீர்கள். எலியட் எர்விட் 1974-ல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று பிரசித்தம்: பெரிய நாயின் இரண்டு கால்கள், ஒரு பெண்மணியின் பூட்ஸ், தொப்பி போட்ட ஒரு சின்ன நாய். எஜமானியை முழங்காலோடு வெட்டிவிட்டு நாயின் உயரத்தில் நகரத்தைப் பார்த்தார். சிரிப்பு வருகிறது, கூடவே அந்த நகரத்தில் யார் யாருக்கு எவ்வளவு உயரம் என்பதும் வருகிறது. டைடோ மோரியாமா 1971-ல் மிசாவாவில், அமெரிக்க விமானத் தளம் இருக்கிற ஊரில், எடுத்த தெருநாய் இன்னும் பெரிய படம். ஆனால் அது நாளடைவில் மோரியாமாவின் சுயசித்திரமாகிவிட்டது. தன் நினைவுக் குறிப்புக்கே நாயின் பெயரை வைத்தார். நம் கவிஞர்களுக்கு அங்கேதான் ருசி கண்டுவிட்டது. பத்துப் புதுக்கவிதைத் தொகுதியைப் பிரித்தால் ஆறில் ஒரு தெருநாய் நொண்டிக்கொண்டு வரும். அது நாயல்ல, கவிஞர். தனிமை, நிராகரிப்பு, நவீன மனிதன். நகுலன் தம் நாவலுக்கு 'நாய்கள்' என்று பெயர் வைத்தபோது மனிதர்களைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்ற பிரக்ஞை அவருக்கு இருந்தது. இவர்களுக்கு அந்தப் பிரக்ஞையும் இல்லை. படக்காரர் தெருவை மங்கலாக்குகிறார், கவிஞர் நாயையே மங்கலாக்கிவிடுகிறார்.

நான் பார்த்த நல்ல நாய்ப் படம் ஒன்று உண்டு. எடுத்தவர் படக்காரர் இல்லை. சம்பா அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாலைந்து ராத்திரி காத்துக் கிடந்த விவசாயி. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். தம் குவியல் வரிசையில் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரிவிக்க மொபைலில் எடுத்திருக்கிறார். கடன் தவணைக்கு அவகாசம் கேட்க வந்தபோது என் மேஜையில் வைத்துக் காட்டினார். சாய்ந்த அடிவானம், நீலத் தார்ப்பாய், சாக்குகள், தூரத்தில் எடைமேடை, கோணலாக ஒரு சைக்கிள். தார்ப்பாயின் ஓரத்தை மேலே இழுத்துப் போர்த்தியதுபோல ஒரு செவலை நாய், முதுகைக் காட்டிக்கொண்டு. கண் தெரியவில்லை. இடது காது நுனியில் கருத்தடை செய்ததற்கு அடையாளமான வெட்டு மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. எங்கள் மாட்டுப் படத்தில் வில்லை தெரிவதைப்போல. உங்கள் நாயா என்றேன். 'அங்கன கெடக்குற நாய்தான் சார், நெல்லு போற வரைக்கும் எங்கூட கெடக்கும்' என்றார். அவகாசம் கேட்டு மனு எழுதினோம்.

அடுத்த இதழ் அட்டைக்கு ஒரு நாய்ப் படம் வந்திருப்பதாகவும், அற்புதம் என்றும் ஆசிரியர் கார்டு போட்டிருக்கிறார். நான் இன்னும் பார்க்கவில்லை. அதில் தரை தெரிகிறதா என்று கேட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.