வைரஸ் அடங்கினால் மட்டும் போதுமா?

2004 ஏப்ரல் முதல் நம் நாட்டின் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. அதனால் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தும் நலமாக வாழ்வோர் பலர். இனி அவர்கள் இதயத்தையும் காக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எச்.ஐ.வி. உள்ளோருக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. அதன் காரணங்களுள் ஒன்று குடலில் உள்ளது. தொற்றின் தொடக்கத்திலேயே வைரஸ் குடற்சுவரின் எதிர்ப்பு அணுக்களை அழிக்கிறது. நன்மை தரும் நுண்ணுயிரிகள் குறைகின்றன. நுண்ணுயிரிகளின் சிதைவுப் பொருள்கள் இரத்தத்தில் கசிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. வைரஸ் அடங்கிய பின்னும் அந்த அழற்சி முழுமையாகத் தணிவதில்லை. கொழுப்பும் கூடினால் இரத்தக்குழாய் அடைபடுகிறது.

இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளை 35 விழுக்காடு குறைத்தது. தயிரும் மோரும் நல்லவையே; எனினும் அவை மாத்திரைக்கு மாற்றாகா.

கொழுப்பு மாத்திரையைக் கடையில் தாமாக வாங்க வேண்டா. சில கூட்டு மருந்துகளோடு சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசைகள் சிதையக்கூடும். ஆதலால் இதய மருத்துவரிடம் தொற்றை மறைக்காதீர்கள்; உங்கள் இரகசியத்தை 2017ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

மாட்டுத்தாவணியில் இறங்கி, மாத்திரை பெற்று, அடுத்த பேருந்தைப் பிடிக்க விரையும் உங்கள் அவசரத்தை அறிவோம். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொழுப்புப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.