தெளிந்த தண்ணீரில் மீன் ஏன் செத்தது?

மீன் தொட்டி வைத்தால் கூடத்துக்கு லட்சணம், குழந்தைகளுக்கும் பொழுது போகும் என்று ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மூன்று குடத்துக்குச் சற்று மேலே தண்ணீர் பிடிக்கும். அதில் ஆறு தங்கமீன்கள். பத்தே நாளில் ஐந்து போய்விட்டன!

ஐந்தாவது மீன் மிதந்த அன்று என் சின்னப் பெண் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "நீதாம்மா சரியா பாத்துக்கலை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளுக்கு ஒரு தரம் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல்லைக்கூட உரசிக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றினவள் நான். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததே!

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் மகன் ஆடிப்பெருக்குக்கு வந்தான். நாகப்பட்டினத்தில் மீன்வளம் படிக்கிற பிள்ளை. தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அத்தை, நீங்க கழுவினதுலயே பாதி செத்திருக்கும்."

அவன் சொன்னது இது. மீனின் கழிவு என்றால் அடியில் கிடக்கிற எச்சம் மட்டும் இல்லை. செவுள் வழியாகவே அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது. "வயல்ல யூரியா போட்டா மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்தானே அதைப் பயிருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்குது? அதே வேலைதான் தொட்டியிலயும் நடக்கணும்" என்றான். அந்த நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்குமாம். நானோ இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைத்தெறிந்தேன். போதாக்குறைக்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு.

மீன் தேர்விலும் தப்பு. தங்கமீன் வாங்கும்போது இரண்டு அங்குலம். வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும். உடம்பு பெருத்தால் தீனியும் பெருக்கும், கழிவும் பெருக்கும். நாலு அங்குலத் தங்கமீன் ஒன்று, ஒன்றரை அங்குல மீன் பதினைந்து இருபதுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்றவர்கள் தொட்டிக்குக் கப்பி நல்லது. ஆனால் ஆண் மட்டும் வாங்குங்கள். ஜோடியாக வாங்கினால் மாதா மாதம் பிரசவம்தான்! அடுத்தது நீலக்கோடு போட்ட ஜீப்ரா மீன். பெயர்தான் வெளிநாடு, ஆள் நம் கங்கைப் பக்கத்துக்காரர். எங்கள் தொட்டிக்கு இவை ஆறு, அவை ஆறு, அடியில் நாலு அயிரை. ஆமாம், குழம்புக்கு உயிரோடு விற்க வருகிற அதே அயிரைதான். ஒரு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விடவேண்டும். மணலில் புதைந்துகொள்ளும், கூழாங்கல் அதற்கு ஆகாது. கீழே விழுந்த இரையை அது தின்னும். எச்சத்தைத் தின்னாது, அதுவும் கழிவு போடும்.

'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் ஒரு கறுப்பு மீன் தலையில் கட்டுவார்கள். வேண்டாம். தென் அமெரிக்க மீன் அது. ஓரடிக்கு மேல் வளர்ந்து, தானே தொட்டியை நாறடிக்கும். வளர்ந்ததும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டில் பல ஏரிகுளங்களில் அது பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. நானும் மிஞ்சிய தங்கமீனைப் புது ஆற்றில் விட்டுவிடலாமா என்றுதான் கேட்டேன். "எந்தத் தொட்டி மீனையும் ஆத்துல விடாதீங்க அத்தை" என்று சொல்லி, ஊரில் அவர்கள் வீட்டுப் பெரிய சிமெண்டுத் தொட்டிக்கு அவனே கொண்டுபோனான்.

தீனி விஷயத்தில்தான் கை கட்டுப்படவேண்டும். இரண்டு விரலில் எடுத்த சிட்டிகை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீருமளவு, ஒரு நாளைக்கு ஒரு தரம் அல்லது இரண்டு தரம். மிஞ்சினதை உடனே எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியை நசுக்கி எப்போதாவது கொடுக்கலாம். சோறு, ரொட்டி கூடவே கூடாது; ஊறிப் புளித்துத் தண்ணீரைக் கெடுக்கும். கொசுப்புழு மீனுக்கு விருந்து. ஆனால் சாக்கடையிலிருந்து அள்ளாதீர்கள், கண்ட பூச்சியும் கூடவே வரும்.

வாரம் ஒரு தரம் கால் பங்கு தண்ணீர் மட்டும் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறேன். புதுத் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிடுவேன். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசிவிடுகிறேன். வாய்க்காலில் பறித்த வேலம்பாசியை நன்றாக அலசி நட்டிருக்கிறேன். கழிவில் ஒரு பங்கு அதற்கு உரம்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. தீனி போடுவது சின்னவள் பொறுப்பு. டப்பாவை அவள்தான் பூட்டி வைக்கிறாள். காரணம் என் மாமியார். கோயில் குளத்தில் பொரி போட்டே பழகிய கை. "பாவம்டி, வாயைத் திறந்து திறந்து கேக்குதுங்க" என்று மத்தியானம் யாரும் இல்லாதபோது தொட்டியருகே போய் நிற்கிறார். போன வாரம்கூட வேலம்பாசி நடுவே ஒரு பொரியைப் பார்த்தேன்.